அணிலுக்குக் கொடுத்த குரல்

எங்கள் பங்குச் சுவாமிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்த வருஷம், நான் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநான்கு வயது. சுவாமி வெள்ளைக்காரர். மிஷன் வளவில் ஒரு புறொஜெக்டரும் ஜெனரேற்றரும் வைத்திருந்தார். அதுவரை ஊரூராகக் கொண்டுபோய் அவர் காட்டியதெல்லாம் சுகாதாரப் படங்கள். தேங்கிய தண்ணீரில் நுளம்பு எப்படிப் பெருகுகிறது, பிள்ளைக்கு ஏன் அம்மைப்பால் குத்த வேண்டும், இப்படி. அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்த இரண்டு சுருள் வேறு சாதி. கையால் வரைந்த உருவங்கள் ஓடியாடிப் பேசுகிற கார்ட்டூன் படம். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கலாம் என்று அனுப்பியவர்கள் கடிதம் வைத்திருந்தார்கள்.

அணில்களின் கதை. ஓடைக்கு இந்தக் கரை மரத்தில் சிவப்பு அணில்கள், அந்தக் கரை மரத்தில் சாம்பல் அணில்கள். இரண்டு கூட்டத்துக்கும் பரம்பரைப் பகை. சாம்பல் கூட்டத்துப் பெண் அணிலும் சிவப்புக் கூட்டத்து ஆண் அணிலும் விரும்பிவிடுகிறார்கள். பெண்ணை வேறிடத்தில் கொடுக்கப் பார்க்கிறார்கள். அவளுக்கு ஓர் ஆந்தை கசப்புப் பழம் ஒன்று கொடுக்கிறது. தின்றால் இரண்டு நாள் செத்தவள் போலக் கிடக்கலாம். அது தெரியாத ஆண் அணில் வந்து பார்த்து, நஞ்சுக் காயைக் கடிக்கப் போகிற நேரத்தில் அவள் கண் விழிக்கிறாள். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஆடுகின்றன.

"பழைய கதையில ரெண்டு பேரும் செத்தது," என்றார் சுவாமி. "பிள்ளைகள் அழும் எண்டு இவங்கள் மாத்தினது."

படத்தின் பேச்சு எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது. ஆகவே புறொஜெக்டரின் சத்தத்தை நிறுத்திவிட்டு, தமிழில் பேசி நாடாவில் பதிந்து, படத்தோடு சேர்த்து ஓடவிடலாம் என்று சுவாமி முடிவெடுத்தார். வசனம் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. முதலில் புத்தகத் தமிழில் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அணில் பிரசங்கம் செய்வது போலிருந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு எங்கள் வீடுகளில் பேசுகிற பேச்சிலேயே திரும்ப எழுதினேன்.

ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் விழித்த பெண் அணில் ஒரே ஒரு சொல் பேசும். பொழுது விடிந்ததற்குச் சொல்லும் வந்தனம், அவ்வளவுதான். பிறகு ஒரு நிமிஷத்துக்கு மேல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாய் தெரியாது. சங்கீதம் மட்டும் போகும். வாய் தெரியாத இடத்தில் எதையும் பேசவைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தை இடைவெளி விட்டு விட்டு நான்தான் பேச்சால் நிரப்பினேன். படத்தில் இல்லாத பேச்சு. வேறு யாரும் அதற்குப் பொறுப்பில்லை.

ஆந்தைக்குச் சுவாமியே பேசினார். தாய் அணிலுக்கு நான். ஆண் அணிலுக்கு, ஆண்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்திருந்த கணக்கு மாஸ்டர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிற சைவக் குடும்பத்துப் பிள்ளை. நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பெண் அணிலுக்கு, முந்திய வருஷம் என்னிடம் படித்து முடித்த பிள்ளை ஒருத்தி. பத்தொன்பது வயது. எங்கள் பங்குக் கிறிஸ்தவக் குடும்பம், தகப்பன் இல்லை. தாய் வீட்டில் தையல் மெசின் வைத்து ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தார். மகளும் உதவி. அவளுடைய குரல் கொஞ்சம் கரகரத்தது. வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவாள். ஆனால் அவள் பேசினால் ஆள் பக்கத்தில் நிற்பது போலிருக்கும். அதற்காகத்தான் அவளைக் கேட்டேன்.

ஓகஸ்ட் விடுமுறையில், மிஷன் வளவுக் கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையின் ஜன்னல்களுக்கு மெத்தையைச் சாத்தி வைத்துவிட்டு மத்தியானங்களில் பதிவு செய்தோம். அவளுக்கும் மாஸ்டருக்கும் ஒரே மைக். ஒருவரையொருவர் பார்க்காமல், இரண்டு பேரும் என் கொப்பியையே பார்த்துப் பேசினார்கள். வெட்கம் என்று நினைத்தேன். ஓர் இடத்தில் நான் "ஓடைக்கரையில நிப்பன்" என்று எழுதியிருந்தேன். அவள் "பாலத்தடியில நிப்பன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாடாவைத் திருப்பிச் சுற்றிப் பதிவதென்றால் அந்தக் காட்சி முழுவதையும் மறுபடி பேச வேண்டும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டெம்பரில் பாடசாலை மண்டபத்தில் முதல் காட்சி. பிள்ளைகள் ஆந்தையின் தமிழுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன்னுடைய குரல் கேட்டதும் அவள் கதவுக்கு வெளியே ஓடிப்போய் நின்றாள். தாய் வரவில்லை. ஒரு கலியாணத் தையல் அவசரம். "மறுகா ஒருக்காப் பாப்பன்," என்று பிறகுக்குத் தள்ளிவிட்டாராம்.

மாரி தொடங்கி வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கியபோது நகரத்தில் டைபோயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்தது. தாயும் மகளும் ஒரே கிழமையில் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், வெவ்வேறு வாட்டில். தாய் நினைவு தப்பிப் பல நாள் கிடந்தார். மகள் ஐந்தாம் நாள் பின்னேரம் போய்விட்டாள். அவளுடைய மாமன்காரர் மழைக்குள் சவத்தை எடுத்து அடுத்த நாளே சேமக்காலையில் அடக்கம் செய்தார். நானும் போயிருந்தேன். குழிக்குள் நீர் ஊறி நின்றதால் பெட்டியை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

தாய் எழும்பி உட்கார்ந்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அவர் சத்தம் போட்டு அழவில்லை என்று கேள்விப்பட்டேன். "முகத்தைக் காணாம நான் என்னெண்டு நம்புறது?" என்று மட்டும் கேட்டாராம்.

நாடாவை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தைமாதம் சுவாமி அதைக் கேட்டார். கரையோர ஊர்களுக்குப் படம் கொண்டுவருவதாக முன்பே சொல்லியிருந்தாராம், பிள்ளைகள் காத்திருக்கிறார்களாம். வேறொரு பிள்ளையை வைத்துத் திரும்பப் பேசுவோம் என்றேன். ஆனால் கணக்கு மாஸ்டர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு படுவான்கரைப் பாடசாலைக்குப் போய்விட்டார், ஆண் அணிலுக்கு ஆள் இல்லை. "குரல் பாவம் செய்யாது," என்று சுவாமி சொன்னார். நான் அலுமாரியைத் திறந்து நாடாவை எடுத்துக் கொடுத்தேன்.

செட்டிபாளையத்தில் காட்டினோம். அங்கே அவளை யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பாடசாலை ஜன்னல்களில் பாய் கட்டி, பட்டப்பகலில் இருட்டு உண்டாக்கியிருந்தோம். நாடாவை ஓட்டுவது என் வேலை. ஜெனரேற்றரின் வேகம் குறையும்போது குரல்கள் தடித்து இழுபடும். பிறகு திடீரென்று இயல்புக்கு வரும். அவளுடைய குரல் அப்படி இழுபட்டு வந்து சரியாகிற ஒவ்வொரு தடவையும், ஓர் ஆள் நீருக்குள்ளிருந்து மேலே வந்து மூச்சு எடுப்பது போல எனக்குப் பட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த கிழமை, பாடசாலை விட்டு நான் வெளியே வர, வாசலில் தாய் நின்றார். உடம்பு பாதியாகிவிட்டது. காய்ச்சலில் கொட்டிய தலைமயிர் குட்டையாக முளைத்திருந்தது.

"டீச்சர், என்ட புள்ள கதைக்கிறாவாம்," என்றார்.

"அது முந்திப் பதிஞ்சது அக்கா. ஓகஸ்ட்டில."

"தெரியும். செட்டிபாளையத்தில எங்கட ஆக்கள் ஒருத்தர் கேட்டிரிக்கார். நான் சாகல்ல எண்டு சொல்லுறாவாம்."

"அது அணில் சொல்லுறது அக்கா," என்றேன்.

"குரல் ஆருட?"

"அவட குரல்தான்."

"மறுகா என்ன," என்றார் அவர். "எனக்கு ஒருக்காக் கேக்க வேணும் டீச்சர்."

அடுத்த காட்சி வாகரைக்குத் தெற்கே மாங்கேணியில். சுவாமியிடம் கேட்டேன். அவர் சரி என்றார். ஜீப்பின் பின்பக்கத்தில் புறொஜெக்டர் பெட்டிக்கு அருகில் தாயும் நானும் எதிரெதிராக இருந்தோம். அவர் மடியில் ஒரு சீலைப் பை. வழியில் ஒரு குலுக்கலில் அது சரிந்தபோது உள்ளே இருந்ததைக் கண்டேன். ஒரு பாவாடை, ஒரு சட்டை, ஒரு சோடிச் செருப்பு. செருப்பை எனக்குத் தெரியும். மண்டபத்து வாசலில் அவள் கழற்றி வைக்கிற செருப்பு.

"இது எதுக்கு அக்கா?"

"நடந்து வாறதெண்டா வேணுமே," என்றார். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவர் சுடுநீர்ப் போத்தலை ஏன் கொண்டுபோகிறார் என்று சொல்வது போலச் சொன்னார்.

மாங்கேணியில் மாதா கோயில் சிறியது. தோணிகள் காலையிலேயே கரைக்கு வந்துவிட்டதால் மீன்பிடிக்கிற குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகளோடு வந்திருந்தன. ஜன்னல்களைத் தோணிப் பாயாலும் சாக்காலும் மூடியிருந்தார்கள். வெளியே மூன்று மணி வெயில். உள்ளே முகம் தெரியாத இருட்டு, உப்பும் கருவாடும் கலந்த மணம். தாய் திரைக்கு முன்னால் இருக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டி ஒரு நீள மர வாங்கின் மேல் இருந்தது; அந்த வாங்கின் மற்ற நுனியில், பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். செருப்பை எடுத்து வாங்கின் கீழே சோடியாக வைத்தார்.

முதல் சுருள் சிக்கலில்லாமல் ஓடியது. மகளின் குரல் முதன்முதல் வந்தபோது திரையின் வெளிச்சத்தில் நான் அவரைப் பார்த்தேன். தலையைக் கொஞ்சம் சரித்து, அடுத்த அறையில் நடக்கிற பேச்சைக் கேட்பவர் போல இருந்தார். அவ்வளவுதான். எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் சுருளில், பெண் அணில் பழத்தைத் தின்று படுத்துக் கிடக்கிறது. ஆண் அணில் குனிந்து பார்க்கிறது. அந்த இடத்தில் புறொஜெக்டருக்குள் ஒரு சத்தம் கேட்டது, திரை கறுத்துவிட்டது. பல்ப் வெடித்துவிட்டது. வேறு பல்ப் ஜீப்பில் இருந்தது. சுவாமி கதவைத் திறக்கத் தடவிக்கொண்டு போனார். படம் நின்றால் நான் உடனே நாடாவை நிறுத்த வேண்டும், அதுதான் ஏற்பாடு. என் விரல் விசையின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

இருட்டுக்குள் குரல் வந்தது.

"அழாதேங்க. நான் சாகல்ல. நித்திரதான் கொண்டனான்."

நான் கொப்பியில் விட்டிருந்த இடைவெளி. சங்கீதம் போக வேண்டிய அந்த இடைவெளிக்குள் தாய் பேசினார். சத்தமாக அல்ல.

"மறுகா ஏன் புள்ள வீட்ட வரல்ல?"

"கண் முழிச்சுப் பாத்தன். ஒரே இருட்டு. ஒருத்தரையும் காணல்ல."

"பக்கத்து வாட்டிலதானே நான் கிடந்தன். எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல மகள்."

"நீங்க வருவீங்க எண்டு எனக்குத் தெரியும்."

"குளிருதா?"

"இப்ப ஒண்டுமில்ல. நல்லா இரிக்கன்."

அந்த வசனங்கள் ஒவ்வொன்றையும் எழுதியவள் நான். அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். தாய் கேட்கிற கேள்விக்கு அது பதிலாகப் போய் விழப்போகிறது என்று ஒரு கணம் முன்பே எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் பயம். தெரியாமலிருந்தால் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். கோயில் முழுவதும் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. யாரோ ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டு செபம் முணுமுணுத்தது கேட்டது.

பிறகு ஆண் அணிலின் குரல்: "வா, போவம். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்காங்க."

தாய் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் குரல் இடையே வருமென அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. அப்போதுதான் என் விரல் விசையை அழுத்தியது. சுவாமி கதவைத் திறக்க, வெயில் உள்ளே விழுந்தது. தாய் குனிந்து செருப்பை எடுத்துத் தூசி தட்டிப் பைக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது அவர் ஜீப் வாங்கின் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். சீலைப் பை மடியில் இல்லை. பக்கத்தில், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடத்தில் இருந்தது. எதிரே எனக்குக் கால் நீட்ட நிறைய இடம் இருந்தது. நான் கால்களை மடக்கியே வைத்துக்கொண்டு வந்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை காலைகளில் அவர் மிஷன் வளவுக்கு வரத் தொடங்கினார். நாடாவைப் போட்டுக் காட்டச் சொல்வார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை, சுவாமிக்கும் வரவில்லை. கோயிலுக்குப் பின்னாலிருந்த அதே அறை. இடைவெளிகள் அவருக்குப் பழகிவிட்டன. எத்தனை சொல் பேசலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்து பேசினார். கேள்விகள் கிழமைக்குக் கிழமை மாறின. மாமன் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொல்வார். ஒரு நாள், "உன்ட கட்டில எடுத்து உள்ளுக்குப் போட்டிரிக்கன், சரியா?" என்று கேட்டார். "இப்ப ஒண்டுமில்ல. நல்லா இரிக்கன்," என்று பதில் வந்தது. பதில்கள் ஒருநாளும் பொருந்தாமல் போகவில்லை. நான் அறைக்கு வெளியே போய் நிற்கப் பழகினேன்.

ஐந்தாறு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். நாடா நின்றிருந்தது.

"டீச்சர், படத்தில பாலம் இரிக்கா?"

"இல்லையே அக்கா. ஓடைதான். ஏன்?"

"புள்ள பாலத்தடியில நிப்பன் எண்டு சொல்லுறா."

"வாய் தவறிச் சொன்னது. நான் திருத்தல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லடிப் பாலத்தடிக்குத்தான் அவ சாயந்திரத்தில நூல் வாங்கப் போறனெண்டு போவா. நூல் கடை அங்க இல்ல. எனக்குத் தெரியும். கேக்கல்ல." பிறகு, "இந்தப் பொடியனோட கதைக்கக்குள்ள அவட குரல் வேற. என்னோட அப்பிடிக் கதைக்கிறல்ல. அது நடிப்பில்ல டீச்சர்," என்றார். "ஆர் இவர்? கூட்டி வாங்க."

பதிவு நடந்த பத்து மத்தியானங்களும் நான் அந்த அறைக்குள்தான் இருந்தேன். எதையும் காணவில்லை.

மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். சித்திரை விடுமுறையில் வந்தார். மெலிந்து, தாடி விட்டிருந்தார். சுவாமியின் அறையில் தாய்க்கு முன்னால் நின்றார், உட்காரவில்லை. தாய் அவரிடம் எதையும் சுற்றிவளைத்துக் கேட்கவில்லை.

"என்ட மகள விரும்பினீங்களா தம்பி?"

"ஓம் அம்மா."

"உங்கட வீட்டில தெரியுமா?"

"தெரியும். அப்பா கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர். வேதக்காரப் புள்ளைய எடுத்தா வீட்டுப் படியேற விடமாட்டன் எண்டு சொன்னவர். வருஷம் முடிய உங்களிட்ட வந்து கேப்பம் எண்டு இரிந்தம்."

"நானும் மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்," என்றார் தாய். "செத்தவீட்டுக்கு ஏன் வரல்ல?"

ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவர் மாஸ்டருடைய ஊர்க்காரராம். சொந்தக்காரர் என்று சொல்லி அவரை ஒவ்வொரு பின்னேரமும் உள்ளே விட்டிருக்கிறார். கடைசி நாளும் மாஸ்டர் அங்கே இருந்திருக்கிறார். மாமன் தேநீர் குடிக்க வெளியே போயிருந்த நேரம்.

"நான் பக்கத்தில நிண்டன் அம்மா. நாலு மணி கழிஞ்சிருக்கும், மழை பேஞ்சுகொண்டிரிந்தது. கண்ண மூடிவிட்டது நான்தான். மறுகா மாமா வாறதைக் கண்டு வெளியால வந்திட்டன். அடக்கத்தண்டு சேமக்காலைச் சுவருக்கு வெளியால நிண்டன். உள்ளுக்கு வர எனக்கு உரிமையில்லை."

தாய் கையைப் பிடித்து அவரைத் தன்னருகில் இருத்தினார். "முகம் எப்பிடி இரிந்தது?"

அவர் சொன்னார். உதடு காய்ந்து வெடித்திருந்ததையும், தலையை மழித்திருந்ததையும், நெற்றியில் வியர்வை இருந்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னார். தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "கதைச்சாவா?" என்று கேட்டார்.

"அம்மாக்குச் சொல்லாதேங்க, அவ எழும்பட்டும் எண்டு சொன்னா."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லல்ல அம்மா. மறுகா கதைக்கல்ல."

அப்போதுதான் அந்தத் தாய் அழுதார். ஐந்து மாதத்து அழுகை. மாஸ்டரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மெலிந்த உடம்பு முழுவதும் குலுங்க அழுதார். சுவாமியும் நானும் வெளியே போய் வேலிப் பக்கமாக நின்றோம்.

போகும்போது தாய் என்னிடம் வந்தார். "டீச்சர், அதை அழிச்சிடுங்க. இனி அவ கதைக்க வேணாம். களைச்சுப் போயிரிப்பா."

நாடாவை அழிப்பதென்றால், எதுவும் பேசாமல், அதன் மேல் வெறுமையைப் பதிவதுதான் வழி. படம் ஓடுகிற நேரம் முழுவதும் அது ஓட வேண்டும். மாஸ்டர் நிற்க மாட்டேன் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். தாய் இருந்தார். இரண்டு பேரும் அசையாமல் அந்தப் பதிவு அறையில் இருந்தோம், மூச்சு விடுவதும் பதிந்துவிடும் என்பது போல. முடிந்ததும் நான் விசையை அழுத்தினேன். அவர் எழும்பி, வாங்கில் தன் பக்கத்து இடத்தைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வைகாசியில் வேறொரு மாணவியையும் ஓர் உபதேசியாரையும் வைத்து அதே நாடாவில் திரும்பப் பேசினோம். முதுகைக் காட்டி நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் எதையும் எழுதவில்லை. வெறுமையாக விட்டேன்.

அந்த நாடாவோடு வாகரைக்குப் போனோம். படம் நன்றாக ஓடியது. அணில் கண் விழித்தது, திரும்பி நின்றது. ஜெனரேற்றரின் இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்குக் கிட்டவாக, ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் சேலையை இழுத்தாள்.

"டீச்சர், பொட்டிக்குள்ள ஆர் கதைக்கிற?"

"ஒருத்தரும் இல்ல. இப்ப கதை இல்ல."

"ஒரு அக்கா கதைக்கிறா."

குனிந்து பெட்டியில் காது வைத்தேன். முதலில் இரைச்சல்தான். அதற்குக் கீழே, மிகக் கீழே, சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது போல ஒன்று. சொல் பிரியவில்லை. கடைசிச் சொல் ஒவ்வொன்றும் விழுங்கப்பட்டது. இவ்வளவு நிச்சயமாக நான் எதையும் கேட்டதில்லை.

சுவாமியிடம் சொன்னபோது அவர் விளக்கம் வைத்திருந்தார். பழைய மெசின், அழிக்கிற பாகம் தேய்ந்திருக்கும், அடியில் கொஞ்சம் தங்கிவிடும், எங்கேயும் நடப்பதுதான் என்றார். சரியான விளக்கம். நான் நம்பினேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் படத்தோடு எந்த ஊருக்கும் போகவில்லை. சுவாமியும் வற்புறுத்தவில்லை. இரண்டு வருஷத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. பெட்டியும் நாடாவும் அவரோடு போயினவா, வேறு மிஷனுக்குக் கொடுத்தாரா, எனக்குத் தெரியாது.

தாயிடம் வாகரையில் கேட்டதைச் சொல்லவில்லை. அவர் திரும்பத் தைக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு கார்த்திகையிலும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு மாஸ்டர் படுவான்கரையிலிருந்து வருவார். சைவக்காரப் பிள்ளை, நெற்றியில் திருநீறோடு, சேமக்காலைக்குள் தாய்க்குப் பக்கத்தில் நின்று மெழுகுதிரி கொளுத்துவார். யாரும் எதுவும் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து மாஸ்டர் கலியாணம் செய்தபோது, பெண்ணின் கூறைச் சட்டையை அந்தத் தாய்தான் தைத்துக் கொடுத்தார். அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் அவர் அதிகம் பேசவில்லை என்றும், போகும்போது மட்டும், "வெளிச்சம் இரிக்கக்குள்ள வீட்ட போய்ச் சேருங்க மகள்," என்று சொன்னதாகவும் மாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார்.